மாமன் வீட்டு மகுடம்: முதலாம் குலோத்துங்கன்

[திரையில்: திருவொற்றியூர் தியாகராஜர் கோயில், வளைந்த விமானம்]

தேரடி மெட்ரோவில் இறங்கினால் திருவொற்றியூர் கோயில் நடக்கிற தூரம்தான். ஆதிபுரீசுவரர் சந்நிதியின் விமானம் பின்பக்கம் யானை முதுகு போல வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. அதே கோயிலில் அவனுடைய மகள் வயிற்றுப் பேரன் காலத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நம்முடைய ஆள் அந்தப் பேரன்தான். சோழர் வீடியோ என்றால் எல்லோரும் தாத்தாவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் அரசியல் சூடு பிடிக்கிறது.

[திரையில்: வம்ச வரைபடம்]

குலோத்துங்கனின் அப்பா ராஜராஜ நரேந்திரன். கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே இருந்த வேங்கி நாட்டின் சாளுக்கிய அரசன். அம்மா, ராஜேந்திரன் மகள் அம்மங்கா தேவி. மனைவி மதுராந்தகி, தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் பெண். சரி, தாய்வழியிலும் மனைவி வழியிலும் சோழ உறவு. ஆனால் தந்தை வழியில் அவன் சோழன் இல்லை. போதாக்குறைக்கு, அப்பா இறந்ததும் வேங்கி அரியணையையும் சிற்றப்பன் விஜயாதித்தன் பிடித்துக்கொண்டான்.

1070. இன்னொரு தாய்மாமன், சோழப் பேரரசன் வீரராஜேந்திரன், இறக்கிறான். மகன் அதிராஜேந்திரனுக்குப் பட்டம். நாட்டில் கலகம். அப்போது படையோடு ஓடி வந்தவன் மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன். வேங்கிச் சாளுக்கியர் வேறு, இவர்கள் கர்நாடகப் பக்கத்துக்காரர்கள். வீரராஜேந்திரனின் மருமகன், அதாவது அதிராஜேந்திரனுக்கு மச்சான். மச்சானைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு மாதம் தங்கி, துங்கபத்திரைக் கரைக்குத் திரும்பினான். சில நாளிலேயே செய்தி வந்தது: அதிராஜேந்திரன் கலகத்தில் இறந்தான், வேங்கிக்காரன் குலோத்துங்கன் அரியணையில் ஏறிவிட்டான்.

இதைச் சொல்வது பில்ஹணன். விக்கிரமாதித்தனின் அரசவைக் கவிஞன், அதனால் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தச் சாவில் குலோத்துங்கனுக்குக் கை உண்டா என்று இன்றும் வாதம் ஓயவில்லை. நேரடிச் சான்று எதுவும் கிடையாது.

[திரையில்: கல்வெட்டு எழுத்துகள், நெருக்கத்தில்]

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை, இதை எப்படிச் சமாளிக்கிறது பாருங்கள். காவிரியை ஆடையாக உடுத்திய நிலமகள் தனியாகத் தவித்தாளாம். அந்தத் தனிமை தீர இவன் வந்து, மகுடத்தை ‘உரிமையில் சூடி’னானாம். செத்துப்போன மாமன் மகனைப் பற்றி மூச்சே இல்லை!

உட்கார்ந்தாயிற்று. இனி தக்கவைக்க வேண்டும். விக்கிரமாதித்தன் சும்மா விடுவானா? குலோத்துங்கன் அவனுடைய அண்ணன் இரண்டாம் சோமேசுவரனோடு கைகோத்தான். பாதிதான் பலித்தது. 1076இல் விக்கிரமாதித்தன் அண்ணனையே சிறையில் போட்டுவிட்டு அரசனானான். அடுத்த 50 ஆண்டுக்குத் தலைவலி.

இதற்கிடையே இலங்கையில் சிங்கள மன்னன் விஜயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழரை விரட்டிவிட்டான். குலோத்துங்கன் அதை மீட்க உயிரைக் கொடுக்கவில்லை. எனக்கு அவனிடம் பிடித்ததே இந்தக் கணக்குதான். கையில் இருக்கிற படைக்கு எது முக்கியம்? பாண்டிய நாடு. அங்கே கலகத்தை அடக்கி, கோட்டாறு போன்ற இடங்களில் நிலைப்படை நிறுத்தினான்.

கடலில் அவன் நம்பியது வணிகத்தை. 1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போனது. தாத்தா படையெடுத்த அதே கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனின் தூதர்கள் கேட்டுக்கொள்ள, 1090இல் நாகப்பட்டினம் பௌத்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்குத் தந்து செப்பேடு எழுதிக் கொடுத்தான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயரும் வந்தது.

கலிங்கப் போர் உங்களுக்குத் தெரிந்ததே. படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வென்றான், செயங்கொண்டார் பரணி பாடினார். கலிங்கம் மட்டும் சோழ நாட்டோடு சேரவில்லை.

[திரையில்: வேங்கி, சோழ நாடு வரைபடம்]

வாரிசு விஷயத்துக்கு வருவோம். தான் வந்த வழியில் இன்னொருவன் வந்துவிடக் கூடாதே! சிற்றப்பனுக்குப் பின் வேங்கியை வெளியாளிடம் விடாமல், மகன்களையே ஒருவர் பின் ஒருவராக ஆள அனுப்பினான். முதலில் போன மும்முடிச் சோழன் ஒரே வருடத்தில் திரும்பி வந்தான். அப்பாவுக்குத் தொண்டு செய்யும் சுகம் அரசாட்சியில் இல்லையாம்! செப்பேடு அப்படித்தான் சொல்கிறது, நம்புவது உங்கள் பாடு. அப்புறம் வீரசோழன், சோழகங்கன், பின்னால் விக்கிரம சோழன்.

1118இல் முதுமையிலிருந்த குலோத்துங்கன், விக்கிரம சோழனை வேங்கியிலிருந்து அழைத்து இணையரசனாக்கினான். அங்கே ஆள் இல்லை என்றதும் விக்கிரமாதித்தன் வேங்கிக்குள் புகுந்துவிட்டான். அதற்குச் சற்று முன்னால்தான் கர்நாடகத்தில் சோழர் கையிலிருந்த தலைக்காட்டை ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் பறித்திருந்தான். ஆனாலும் 1122 வாக்கில் குலோத்துங்கன் இறந்தபோது 1070இல் நடந்த கூத்து மறுபடி நடக்கவில்லை. மகன் ஏற்கெனவே அரியணையில் இருந்தான். 1126இல் விக்கிரமாதித்தன் இறந்த பிறகு விக்கிரம சோழனே வேங்கிப் பக்கம் சோழர் கையை மறுபடி ஓங்க வைத்தான்.