காலி நாற்காலியும் மரண கானாவும்

(ராயபுரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ராயபுரத்தில் எதற்குப் பேச்சு என்று வாசலிலேயே ஒரு அண்ணன் கேட்டுவிட்டார். சொல்கிறேன். 1861 முதல் 1865 வரை அங்கே வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அந்தப் போரில் 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுகளைப் பாடும் ஒற்றைத் தாள் பாட்டுகள் நியூயார்க்கில் அச்சாகிச் சில்லறைக் காசுக்கு விற்றன. சுற்றிலும் பூ வேலைப்பாடு, நடுவில் வரிகள். ஸ்வரம் கிடையாது. தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். நம் பார்க் டவுன் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களிலும் இதே கதைதான். மெட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. வீடு போய்ச் சேர்வதற்குள் பாடிவிடலாம்.

அந்த அமெரிக்கத் தாள்களில் ஒரு பாட்டு ‘காலி நாற்காலி’. ஜான் வில்லியம் கிரவுட் என்ற 18 வயது லெப்டினன்ட், 1861 அக்டோபரில் பொட்டோமாக் ஆற்றங்கரைச் சண்டையில் செத்துப்போனான். அடுத்த மாதம் நன்றி நாள் விருந்து. எல்லாரும் உட்கார்கிறார்கள், அவன் நாற்காலி மட்டும் காலி. வாஷ்பர்ன் என்பவர் கவிதை எழுத, ஜார்ஜ் ரூட் இசையமைத்தார். வீரன் தலையில் புகழ்மாலை என்றும் ஓர் இடத்தில் வருகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. நாற்காலிதான் பாட்டு. பாட்டில் ‘வில்லி’ என்று செல்லப் பெயர்தான் இருக்கிறது. வடக்கே எழுதிய பாட்டைத் தெற்கத்தியரும் பாடினார்கள். எந்த வீட்டில்தான் ஒரு வில்லி இல்லை?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். காசிமேட்டில் என் பெரியப்பா இறந்த ராத்திரி சாவு வீட்டில் பாடும் மரண கானாவைப் பாட ஒரு தம்பி வந்தான். வந்ததும் டோலக்கைத் தொடவில்லை. பெரியம்மா பக்கத்தில் குந்தி, “பேர் இன்னாம்மா? பசங்க பேரு?” என்று கேட்டுக்கேட்டு உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டான். மெட்டு பழைய சினிமாப் பாட்டு. அச்சுத் தாளால் செய்ய முடியாததை அந்தக் கை செய்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரியம்மா அசையவில்லை. கடைசியில் பெரியப்பாவின் படகு நம்பரைச் சேர்த்துப் பாடினான். அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார்.