பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றலாமா? விக்கிரமசிங்கபுரத்து டீச்சரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதே சந்தேகம் பல வீடுகளில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன்.

“தம்பி, எங்கள் வீட்டுக் கணினி 2016-இல் திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து வாங்கியது. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. இனி அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று திரையில் அடிக்கடி வருகிறது. கடையில் கேட்டால், இந்த மெஷினுக்கு 11 வராது, ஆனாலும் வேறு வழியில் ஏற்றித் தருகிறோம், சிபியூவைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? எங்கள் சார், அதாவது என் கணவர், இத்தனை வருஷமாகப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாபநாசம் கோயில், சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை என்று ஏகப்பட்டது. அது போய்விடுமோ என்றுதான் பயம்.”

டீச்சர், இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். சிபியூ வீட்டிலேயே இருக்கட்டும். சாருடைய எழுத்தைப் பத்திரப்படுத்துவதுதான் முதல் வேலை. விண்டோஸ் விஷயத்தை அதற்கு அப்புறம் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

திரையில் வரும் அந்த எச்சரிக்கை உண்மைதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் கணினி நின்றுவிடாது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திர அப்டேட் மட்டும் தானாக வராது. நீங்கள் அந்தக் கணினியில் பென்ஷன் கணக்குப் பார்ப்பீர்கள், நெட் பேங்கிங் திறப்பீர்கள். அதனால் இதை அப்படியே விட்டுவிடவும் கூடாது.

சரி, உங்கள் கணினிக்கு 11 ஏன் வராது? வேகம் பற்றாமல் இல்லை. 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் இருந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும், உங்களிடம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒரு பிராசஸர் பட்டியல் வைத்திருக்கிறது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அதில் இடம். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், கணினி தொடங்கும்போதே சோதித்துத் திறக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும். உங்களுடைய ஆறாம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தை இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கடையில் சொல்லும் ‘வேறு வழி’ என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிறுவும்போது நடக்கும் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப்போக வழிகள் இருக்கின்றன. உங்கள் பிராசஸரில் 11 ஏறவும் ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு அப்படிப்பட்ட கணினிக்குத் தானாக வருவதில்லை, ஒவ்வொரு தடவையும் யாராவது கையால் ஏற்ற வேண்டும். பாதுகாப்புக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்? அந்தப் பாதுகாப்புக்கே உறுதியில்லாத ஒன்றுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சில இடங்களில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த அசல் கோப்பைப் போடுவதில்லை. யாரோ மாற்றி அமைத்து, கிராக் செய்த ஆபீஸையும் சேர்த்துக் கட்டிய ஒரு பென் டிரைவை எல்லாக் கணினிக்கும் போடுகிறார்கள். அதில் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருக்கலாம், வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டும் வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் நமக்குத் தெரியாது. அப்புறம், ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் சி டிரைவை ஃபார்மட் செய்துதான் முடிப்பார்கள். சார் தன் கோப்புகளை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால், டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. ‘டி டிரைவில் கை வைக்கமாட்டோம்’ என்று அவர்கள் சொல்வது நேர்மையான வார்த்தைதான். ஆனால் கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்று யாரும் உங்களிடம் கேட்பதில்லை.

இப்போது பாமினிக்கு வருகிறேன். கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

எல்லாக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் இன்றைய பொது முறைக்கு யூனிகோடு என்று பெயர். பாமினி அது வருவதற்கு முந்தைய முறை. கோப்புக்குள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின் மேல் பாமினி எழுத்துருவைப் போட்டால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கலந்து ஒன்றும் புரியாது. பார்த்தவர்கள் ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடுகிறார்கள். கோப்பு கெட்டிருக்காது. எழுத்துருதான் இருக்காது. ஃபார்மட் செய்துவிட்டு வேர்டு கோப்புகளை மட்டும் திருப்பிப் போட்டால் இதுதான் நடக்கும்.

அதனால் டீச்சர், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் வேண்டாம், நீண்ட காலம் வைத்துக்கொள்ள அதை நம்ப முடியாது. சாருடைய கோப்புகள் எல்லாவற்றையும் அதில் நகல் எடுங்கள். கூடவே சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருக்கும். அங்கே பாமினியையும், சார் வேறு பழைய தமிழ் எழுத்துருக்கள் பயன்படுத்தியிருந்தால் அவற்றையும் தேடி எடுத்து, கோப்புகள் இருக்கும் அதே இடத்தில் ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். எழுத்துருவும் கோப்பும் பிரியவே கூடாது.

அடுத்து, முக்கியமான கோப்புகளை வேர்டில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். பாமினி இல்லாத கைபேசியிலும் உங்கள் பேரப்பிள்ளைகள் திறந்து வாசிக்கலாம். ஆனால் அதற்குள் ‘காரையார்’ என்று தமிழில் தட்டித் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அடியில் இன்னும் அந்தப் பழைய குறிகள்தான் இருக்கின்றன. தேட வேண்டும், திருத்த வேண்டும், புத்தகமாகப் போட வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு பத்தியை ஒட்டினால் மாற்றித் தந்துவிடும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் அந்த இடத்தில் குழப்பம் வரும், அதனால் மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். பிழைதிருத்துவது உங்களுக்குப் புதிதா என்ன, டீச்சர்? சார் அடித்ததை நீங்கள் திருத்தினால் அதைவிட நல்ல பதிப்பு அமையாது. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

சார் இனிமேல் எழுதுவதை யூனிகோடிலேயே எழுதட்டும். விண்டோஸ் 10-லேயே தமிழ் 99 விசைப்பலகையும் அஞ்சல் விசைப்பலகையும் உள்ளேயே வருகின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். பாமினிக்குப் பழகிய விரலுக்கு முதலில் சிரமமாகத்தான் இருக்கும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கணினி மேசையிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறி வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கமெல்லாம் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கணினியும் நகலும் ஒரே அறையில் தரையோடு இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒரு நகல் மாடியிலோ, மகள் வீட்டிலோ இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு விண்டோஸைத் தொடுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் வழி, இருக்கும் விண்டோஸ் 10-ஐயே இன்னும் கொஞ்ச காலம் பாதுகாப்போடு ஓட்டுவது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. இஎஸ்யு என்பார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும். அப்புறம் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு வரும். 30 டாலர் கட்டியும் சேரலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமே இல்லை. உங்களுக்கு அதுவே போதும். அப்போது ஒன்டிரைவ் உங்கள் ஃபோல்டர்களையும் மேலே ஏற்றட்டுமா என்று கேட்கலாம். இலவச இடம் 5 ஜிபிதான், அதனால் போட்டோ ஃபோல்டரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். அவசரத்துக்குக் கடைக்காரருடைய கணக்கில் திறந்து கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். நாளைக்குப் புதிய கணினி வாங்கும்போது இதன் அருமை தெரியும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி ஒரு கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க்கில் இருப்பவை தானாகவே குறியாக்கம் செய்து பூட்டப்பட்டுவிடுகின்றன. ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அங்கேதான் இருக்கும். அது வேறொருவர் கணக்காக இருந்து, அவரும் கடையை மூடிவிட்டால், வீட்டுப் போட்டோக்களைத் திறக்க யாராலும் முடியாது.

2018-க்குப் பிறகு கணினி வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் ‘தகுதி இல்லை’ என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் டிபிஎம் இருக்கும், ஆனால் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புகளில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும், அதை இயக்கினால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி எது குறைகிறது என்று காட்டிவிடும். அதன் பிறகு விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஏற்றுங்கள். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. கோப்புகள், மென்பொருள்கள், எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி உண்டு. ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அரிசி மண்டியிலும் பாத்திரக் கடையிலும் பழைய டாஸ் கணக்கு மென்பொருளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமார், 11 பக்கம் அவசரமாகப் போகாதீர்கள். அந்த மென்பொருள் 32 பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால் அதில் நேரடியாகத் திறக்காது.

பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது. 2018-க்கு முன்பு கொடுத்தவை மைக்ரோசாஃப்ட்டின் அந்தப் பிராசஸர் பட்டியலில் வர வாய்ப்பே இல்லை. அவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். யூடியூப், படிப்பு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் நடக்கும். டேலியும், ஜிஎஸ்டி கையெழுத்து டாங்கிளும் வைத்திருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருப்பவர்களும் யோசித்துச் செய்யுங்கள், லினக்ஸில் அதை வேலை செய்ய வைப்பது பெரிய பாடு.

டீச்சர், கடைசியாக உங்களுக்கு ஒன்று. கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். உங்கள் கணினி மெதுவாகத் தோன்றினால் அதற்குக் காரணம் பிராசஸரே இல்லை, அந்தப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். இருக்கும் விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன், அதாவது முழு நகல், செய்து தரச் சொல்லுங்கள், ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலை முடியும் வரை பக்கத்திலேயே உட்காருங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். சாருடைய குறிப்புகளும் உங்கள் பாஸ்வேர்டுகளும் அதில் அப்படியே இருக்கும். கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, எஸ்எஸ்டியில் எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, தேதி எழுதி ஒட்டி பீரோவில் வையுங்கள்.