12 வரிப் பாட்டுல 7 வரிதான்: வீகோ கடற்கரையின் காதல் பாட்டு

[திரையில்: வீகோ வளைகுடா, கரைக்கு வரும் அலைகள்]

ஒரு பொண்ணு அலைகிட்ட தன் காதலனைப் பத்திக் கேக்குறா. அந்தக் கேள்வியை எழுதினவர் மார்த்தின் கோடாக்ஸ், 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர். இடம், இன்னைக்கு ஸ்பெயினோட வடமேற்கு மூலையில இருக்குற கலீசியா.

இந்த வகைக்குப் பேரு 'காந்திகா தெ அமீகோ'. சுமார் 500 பாட்டு மிஞ்சியிருக்கு. பேர் தெரிஞ்ச கவிஞர்கள் எல்லாருமே ஆண்கள். பாட்டுல பேசுற குரல் மட்டும் பெண்ணோடது. அதனால இதை ஒரு இடைக்காலப் பெண்ணோட வாக்குமூலம்னு எடுத்துக்கக் கூடாது. 'காந்திகா'ன்னா பாட்டு. 'அமீகோ'ன்னா நேர் அர்த்தம் நண்பன். இந்தப் பாட்டுகள்ல காதலன்.

[திரையில்: நாலு கண்ணி, ஒவ்வொன்றாக]

வீகோ கடல் அலையே,
என் காதலனைக் கண்டாயோ?
கடவுளே, சீக்கிரம் வருவானோ?

பொங்கும் கடல் அலையே,
என் அன்பனைக் கண்டாயோ?
கடவுளே, சீக்கிரம் வருவானோ?

என் காதலனைக் கண்டாயோ,
என்னைப் பெருமூச்சு விடவைத்தவனை?
கடவுளே, சீக்கிரம் வருவானோ?

என் அன்பனைக் கண்டாயோ,
என்னைப் பெருங்கவலையில் வைத்தவனை?
கடவுளே, சீக்கிரம் வருவானோ?

எண்ணிப் பாருங்க. மொத்தம் 12 வரி, வேற வேற வரி 7தான். ரெண்டாவது கண்ணி புதுசா எதுவும் சொல்லலை. மூலத்துல 'வீகோ – அமீகோ'ன்னு ஈ-ஓ ஓசையில முடிஞ்சது, இங்க 'லெவாதோ – அமாதோ'ன்னு ஆ-ஓ ஓசைக்கு மாறுது, அவ்வளவுதான். காதலனும் அன்பனும் ரெண்டு பேர் இல்லைங்க, ஒரே ஆள்தான்!

மூணாவது கண்ணியில பாட்டு நகருது. முதல் கண்ணியோட ரெண்டாவது வரி இங்க முதல் வரியா வருது. அதே மாதிரி ரெண்டாவது கண்ணியோட வரி நாலாவதுக்குப் போகுது. நம்ம அந்தாதிதான், ஆனா ஒரு கண்ணியைத் தாண்டிப் பிடிக்குது. இதுக்கு 'லெய்ஷா-ப்ரென்'னு பேரு: விடு, பிடி.

"எதுக்கு இத்தனை தடவை?"ன்னு மொழிபெயர்க்கிறவங்க ரெண்டாவது, நாலாவது கண்ணியை வெட்டிட்டா, பாட்டு ஒரு சாதாரணக் கேள்வியா சுருங்கிடும். அவ காத்திருக்கிற நேரமே அந்தத் திரும்பலுக்குள்ளதான் இருக்கு. பல்லவியையும் கவனிங்க. அது 'சேதோ'ன்னு முடியும், அதாவது 'சீக்கிரம்'. ஏ-ஓ ஓசை, மத்த எந்த வரியோடயும் சேராது. 'சீக்கிரம்'ங்கிற சொல் மட்டும் கடைசி வரைக்கும் தனியா நிக்குது.

ஆண் குரல்ல பாடுற 'காந்திகா தெ அமோர்', அதாவது காதல் பாட்டு, வேற மாதிரி. அங்க அவன் காதலியை 'மியா செஞ்ஞோர்', அதாவது 'என் எஜமான்'னு கூப்பிட்டு, துயரத்துல சாகப்போறேன்னு புலம்புவான். கடலோ கரையோ பெரும்பாலும் வராது. எனக்கென்னவோ பத்து பாட்டு தாண்டினா அலுத்துடுது.

[திரையில்: விந்தேல் தோல்சுவடி]

கோடாக்ஸோட 7 பாட்டும் எழுதின ஒத்தைத் தோல்தாள் 1914ல மாட்ரிட்ல பெத்ரோ விந்தேல்ங்கிற புத்தக வியாபாரி கையில கிடைச்சது. அதுவரைக்கும் அது பழைய ரோம எழுத்தாளர் சிசரோவோட நூல் ஒண்ணுக்கு அட்டையா கிடந்தது! 6 பாட்டுக்கு மெட்டு இருக்கு. 6ஆவது பாட்டுக்கு சுரம் எழுதுறதுக்கான கோடு மட்டும் போட்டு வெச்சிருக்காங்க, சுரம் எழுதலை. அதைப் பாட நினைக்கிறவங்க மத்த பாட்டுகள்ல ஒண்ணோட மெட்டைக் கடன் வாங்கிக்கிறாங்க.