தோள் தசைநாண் கிழிசல்: ஸ்கேன் படத்தில் டாக்டர் தேடுவது என்ன?

(திரையில்: எம்.ஆர்.ஐ. படம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று)

அந்த வெள்ளைக் கீற்றுதான் கிழிசல். தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும். அறுந்த இடத்தில் நீர் புகுந்தால் அங்கே வெளுத்துவிடும். பேச்சுவழக்கில் 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்கிறோமே, தோளில் அது பெரும்பாலும் இதுதான்.

அப்படியென்றால் முதலில் எக்ஸ்ரே எதற்கு? அதில் தசைநாண் தெரியாதே! தெரியாதுதான். ஆனால் எலும்பின் தலைக்கும் அதன் மேலே கூரைபோல இருக்கும் எலும்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியும். வழக்கமாக அது 7 மி.மீ.க்குக் குறையாது. குறைந்திருந்தால், தலையைக் கீழே பிடித்துவைத்திருந்த நாண்கள் அறுந்து நாளாகியிருக்கலாம். அல்ட்ராசவுண்டில் கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்கலாம். பார்ப்பவருக்குக் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

(திரையில்: வேறொரு வெட்டுப் படம். தோள்பட்டை எலும்பு கவட்டை போலத் தெரிகிறது)

ரிப்போர்ட் வந்ததும் நாம் தேடுவது கிழிசல் எத்தனை சென்டிமீட்டர் என்பதை. அறுவை செய்பவரின் கண் இந்தப் படத்துக்குத்தான் போகும். கவட்டையைச் சுற்றியிருக்கும் தசையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடுகின்றன, பாருங்கள். அது கொழுப்பு. வேலையில்லாமல் கிடந்த தசைக்குள் கொழுப்பு ஏறிவிடும். பிரெஞ்சு மருத்துவர் கூட்டாலியே 1994இல் இதை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி. நாணைத் தைத்துவிடலாம், அதை இழுக்கத் தசை வேண்டுமே! ஏறிய கொழுப்பு தைத்த பிறகும் பெரும்பாலும் இறங்குவதில்லை.

(திரையில்: அறுவைக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.)

இது தைத்த தோள். மூன்று மாதத்தில் எடுத்தது. நாண் தடித்து, வெளுத்து, மறுபடி கிழிந்ததுபோலவே இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆறிவரும் நாண் பல மாதங்களுக்கு இப்படித்தான் தெரியும். கறுப்பாக மாற ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் நிறத்தைவிட, நாண் அறுபடாமல் எலும்புவரை போகிறதா என்பதுதான் கேள்வி. படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக மூட்டுக்குள் செலுத்திய மருந்து, தைத்த நாணைத் தாண்டி மேலே கசிந்தாலும் தையல் விட்டுப்போனது என்று உடனே சொல்லிவிட முடியாது; தைத்த இடம் தண்ணீர் புகாத அளவுக்கு இறுக வேண்டியதில்லை.

இன்னொரு விசித்திரம்: படத்தில் மறுபடி கிழிந்திருக்கும், ஆளோ வலியில்லாமல் கையைத் தூக்குவார். இது அபூர்வம் அல்ல. வலியும் பலமும் எப்படி இருக்கின்றன என்று கேட்காமல் படத்தை மட்டும் வைத்து மறு அறுவைக்கு நாள் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், நாணைப் பிடிக்க எலும்பில் இறக்கிய ஆங்கர். உலோகம் என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எம்.ஆர்.ஐ.யிலோ அதைச் சுற்றி மை கொட்டியதுபோல ஒரு கறை. பிளாஸ்டிக் வகை என்றால் எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது. எனவே ஸ்கேனுக்குப் போகும்போது அறுவைக் குறிப்பையும் பழைய ஸ்கேன் சி.டி.யையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் எதை வைத்துத் தைத்தார்கள் என்று தெரிந்தால்தான், படம் படிப்பவருக்குத் தெரிவது ஆங்கரின் கறையா, கிழிசலா என்று பிரித்துச் சொல்ல வரும்.