நெஞ்சு வலிக்கு எந்த ஆஞ்சியோ?

வணக்கம் நேயர்களே. நெஞ்சு வலியோடு ஒருவரைக் கூட்டி வரும் வீட்டார் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், உள்ளே டியூப் விடாம ஸ்கேன்லயே பார்த்துட முடியாதா?" நியாயமான கேள்வி. ஆஞ்சியோ என்பது சாய ஊசி போட்டு இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது; உள்ளே குழாய் விட்டும் எடுக்கலாம், சி.டி. ஸ்கேனிலும் எடுக்கலாம். ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதன் வரைகோட்டில் எஸ்.டி. என்ற பகுதி மேலே ஏறியிருந்தால் பெரும்பாலும் இதய ரத்தக்குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருக்கிறது. அதை நம்பியிருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அப்போது ஸ்கேன் பேச்சே கூடாது. சி.டி. அடைப்பைக் காட்டும், திறக்காது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோவில், அடைப்பைக் கண்ட கையோடு பலூன் விரித்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துவிடலாம். அதற்கு மரத்துப்போகும் ஊசி போதும்; பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வீட்டார் கையெழுத்துப் போடத் தயங்கி, சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும்.

குழாய் விடும் ஆஞ்சியோ செய்யும் கூடமான கேத் லேப் 2 மணி நேரத்துக்குள் எட்டாத ஊரா? முதலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆஞ்சியோ. தமிழ்நாட்டிலேயே சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளோடு இணைத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஈ.சி.ஜி.யில் அப்படி ஏற்றம் இல்லை, ஆனால் இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடுகிறது, மாரடைப்பு உறுதி என்றால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் குழாய் விடும் ஆஞ்சியோதான். வலி விடவே இல்லை, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்க மாட்டோம்.

சி.டி. ஆஞ்சியோவுக்கு உரிய இடம் வேறு. ஈ.சி.ஜி. தெளிவாக இருக்கிறது, ட்ரோபோனினை இரண்டு முறை பார்த்தும் உயரவில்லை, ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. இவர்களுக்கு "அடைப்பு இல்லை" என்று சொல்வதில் சி.டி. மிகவும் நம்பகமானது. ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தாலும், சிறிய ஸ்டென்ட் இருந்தாலும் படம் தெளியாது.

அதற்காக, வலி என்று வருகிற எல்லோரையும் சி.டி.க்கு அனுப்பலாமா? பிரிட்டனில் 1,748 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே சி.டி. எடுத்தார்கள். குழாய் விடும் ஆஞ்சியோ குறைந்தது. ஆனால் ஓராண்டுக்குள் இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே ஆளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

சிலருக்கு ட்ரோபோனின் உயர்ந்திருக்கும், ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இருக்காது. அங்கே எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும், இதயத்தசை அழற்சியா, உண்மையான மாரடைப்பா என்று பிரித்துக் காட்டும்.

சி.டி. எழுதியிருந்தால் சிறுநீரகக் கோளாறு, சாய ஊசி ஒவ்வாமை, ஆஸ்துமா எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவோம், சிலவகை ஆஸ்துமாவுக்கு அது ஆகாது. ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தையும் நாக்கின் அடியில் வைப்போம். ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். நன்றி, வணக்கம்.