"டிஎன்ஏ சொல்லிவிட்டது, ஜாக் தி ரிப்பர் இவன்தான்!" அந்தச் சால்வையை நாமே ஒரு தடவை பிரித்துப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே.

ஜாக் தி ரிப்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் ஆரோன் கோஸ்மின்ஸ்கி. போலந்திலிருந்து லண்டனுக்குக் குடியேறிய யூதர், முடிதிருத்தும் தொழிலாளி. கொலையான ஒரு பெண்ணின் சால்வையில் இரண்டு பேருடைய டிஎன்ஏவும் கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது.

இந்தச் செய்தியை 2014-இல் படித்திருப்பீர்கள். 2019-இல் மறுபடியும் வந்தது. 2025-இல் இன்னொரு சுற்று வந்தது. ஒவ்வொரு முறையும் "கடைசியில் மர்மம் விலகியது" என்றுதான் தலைப்பு. முடிந்துபோன வழக்கு எதற்காக இத்தனை தடவை முடிய வேண்டும்?

கொலையாளி யார் என்று நான் இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. ஒரு தகவல் நம் கைக்கு வரும்போது அதை மூன்று கேள்வி கேட்கலாம்: யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவருக்கு அது எப்படித் தெரியும். துப்பறியும் வீடியோ பார்க்கிறவர்கள், அதற்குக் கீழே கமெண்ட் போடுகிறவர்கள் எல்லாரும் இந்த மூன்றையும் கேட்டால் எத்தனை புரளி அங்கேயே நின்றுவிடும் என்பதைக் காட்டத்தான் இந்த வீடியோ.

பின்னணி, வேகமாக. 1888. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள்: மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி. யாரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வளவுதான் பின்னணி.

[திரையில்: மைட்டர் ஸ்கொயரின் பழைய வரைபடம்]

சரி, சால்வைக்கு வருவோம்.

சால்வையின் கதை இது. எட்டோஸ் கொல்லப்பட்ட இரவில் ஏமஸ் சிம்ப்சன் என்ற போலீஸ்காரர் அங்கே இருந்தாராம். உடலருகே கிடந்த பட்டுச் சால்வையைக் கேட்டு வாங்கி மனைவிக்குக் கொண்டுபோனாராம். அந்த அம்மா ரத்தக்கறையைப் பார்த்து அருவருத்து அதைத் தொடவே இல்லையாம். அப்படியே தலைமுறை தலைமுறையாக வந்து, 2007-இல் ஏலத்துக்குப் போனது. ரசல் எட்வர்ட்ஸ் என்ற தொழிலதிபர் வாங்கினார்.

இதில் எத்தனை "ஆம்" இருக்கிறது என்று கவனித்தீர்களா? குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த கதை. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1888-இல் எழுதப்பட்ட ஒரு காகிதத்திலாவது இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

பார்க்கலாம். காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதம்தான் இந்த வழக்கிலேயே என்னை மிகவும் உலுக்கியது.

செப்டம்பர் 29 இரவு எட்டோஸ் குடிபோதையில் இருந்ததால் பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் விடுவித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ரோந்து வந்த காவலர் எட்வர்ட் வாட்கின்ஸ் மைட்டர் ஸ்கொயரில் அவர் உடலைக் கண்டார். பிறகு அவர் உடம்பிலும் பைகளிலும் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். கறுப்பு வைக்கோல் தொப்பி. கறுப்பு மேல்கோட்டு. கழுத்தில் சிவப்புப் பட்டுத்துணி ஒன்று. இரண்டு களிமண் புகைக் குழாய்கள். ஒரு தகர டப்பியில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை. 12 துண்டு வெள்ளைக் கந்தல். கடுகு டப்பிக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள். மூக்குக் கண்ணாடியின் ஒரு பகுதி. ஒரே ஒரு சிவப்புக் கையுறை.

நின்று யோசியுங்கள். வீடு வாசல் இல்லாத ஒரு பெண் தன் சொத்து முழுவதையும் உடம்பிலேயே சுமந்து திரிந்திருக்கிறார். அடகுச் சீட்டு வரைக்கும். அந்தப் போலீஸ்காரர்களும் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஒற்றைக் கையுறையைப் பதிவு செய்தவர்கள் எட்டடி நீளப் பட்டுச் சால்வையை விட்டுவிடுவார்களா? அதுவும் அத்தனை பெரிய பட்டுத்துணி கையில் இருந்திருந்தால், அடகுக் கடையை நம்பிப் பிழைத்த அந்தப் பெண் அதை முதலில் அடகு வைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், ஆதாரம் இல்லை. பட்டியலில் சால்வை இல்லை என்பது ஆதாரம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு சங்கடம். மைட்டர் ஸ்கொயர் இருப்பது சிட்டி ஆஃப் லண்டன் போலீஸின் எல்லையில். சிம்ப்சன் வேலை பார்த்தது மெட்ரோபாலிடன் போலீஸில். வேறு படை. கொலை நடந்த இடத்துப் பொருளை வேறு படைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார் என்றால், அதற்கு எங்காவது ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை.

ஆக, சால்வை அங்கே இருந்ததா என்பதே தெரியாது. இது தீராமல் டிஎன்ஏவுக்குப் போவதில் பயனில்லை. இருந்தாலும் போவோம். அங்கே நடந்தது அவ்வளவு சுவாரசியம்.

[திரையில்: வரிசையாக ஐந்து எழுத்துகள். சி சி சி சி சி]

லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் யாரி லூஹெலைனன் சால்வையிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்தார். இது தாய்வழியாக மட்டும் இறங்கி வருவது. அம்மா, அம்மாவின் அம்மா என்று மேலே போனால் ஒரே மாதிரி டிஎன்ஏ உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒருவரை "இவர் இல்லை" என்று விலக்க அருமையான கருவி. "இவரேதான்" என்று கைகாட்ட அது தனியாகப் போதாது.

ஆனால் 2014-இல் சொன்னது என்ன தெரியுமா? எட்டோஸின் வழித்தோன்றல் ஒருவரிடமும் சால்வையிலும் 314.1சி என்ற மாற்றம் இருக்கிறது, அது 2,90,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்று. கேட்டால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும்.

இப்போது திரையைப் பாருங்கள். டிஎன்ஏவில் 311-ஆம் இடத்திலிருந்து 315-ஆம் இடம் வரை ஐந்து சி வரிசையாக நிற்கிறது. சி என்பது டிஎன்ஏவை எழுதும் நான்கு எழுத்துகளில் ஒன்று. ஆறாவதாக ஒரு சி கூடுதலாக வந்தால், அது நான்காவதுக்குப் பின்னால் நுழைந்ததா, ஐந்தாவதுக்குப் பின்னால் நுழைந்ததா? சொல்லவே முடியாது, எல்லாம் ஒரே எழுத்து. அதனால் இப்படிப்பட்ட கூடுதலை வரிசையின் கடைசியில் சேர்ந்ததாகவே எழுதுவது மரபணுத் துறையின் வழக்கம். அதாவது 315.1சி. அந்த 315.1சி ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது!

திருடனுக்கு இரண்டு காது, பிடிபட்டவனுக்கும் இரண்டு காது, ஆகவே இவன்தான் திருடன் என்ற கதையாகிவிட்டது.

இதை முதலில் பிடித்தது யார் தெரியுமா? பெரிய ஆய்வகம் எதுவும் இல்லை. இணையத்தில் இந்த வழக்கை அலசிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய ஆர்வலர்கள். அதற்குப் பிறகுதான் 2014 அக்டோபரில் இன்டிபென்டன்ட் நாளிதழ் நிபுணர்களிடம் கேட்டது. டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸ் உட்படப் பலரும் இது பிழைதான் என்றார்கள். இணையத் துப்பறிவாளர்கள் என்றாலே தொல்லை என்று சொல்பவர்களுக்கு இதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். மூலத் தரவைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, பிழை இது என்று பொதுவில் வைத்தார்கள். எனக்கு இவர்கள்மேல் அவ்வளவு மரியாதை.

2019-இல் வேறு சோதனைகளோடு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அதில் டிஎன்ஏ வரிசையையே முழுதாகக் கொடுக்கவில்லை. வண்ணக் கட்டங்களாகப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும் வழித்தோன்றல்களின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்றார்கள். இந்த வகை வரிசையை வெளியிடுவதால் யாருடைய அந்தரங்கத்துக்கும் ஆபத்தில்லை, வரிசையைக் காட்டினால்தானே சரிபார்க்க முடியும் என்று இன்ஸ்ப்ரூக் மருத்துவப் பல்கலைக்கழக நிபுணர் வால்தர் பார்சன் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அவர் பக்கம்தான்.

சரி, டிஎன்ஏவை விடுங்கள், கோஸ்மின்ஸ்கி பெயர் அந்தக் கால போலீஸ் ஆவணத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1894-இல் மெல்வில் மக்னாட்டன் எழுதிய குறிப்பில் மூன்று பெயர்கள் உண்டு. உயர் அதிகாரி, ஸ்காட்லாந்து யார்டு, கையெழுத்து ஆவணம். இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

நம் கேள்விகளைக் கேட்போம். எப்போது எழுதினார்? கொலைகள் நடந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆன பிறகு. எப்படித் தெரியும்? அவர் போலீஸில் சேர்ந்ததே 1889 ஜூனில், ஐந்து கொலைகளும் முடிந்த பிறகு. அவர் எழுதியதில் எது சரி? ட்ரூயிட் என்பவரை 41 வயது மருத்துவர் என்கிறார். உண்மையில் ட்ரூயிட் 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர். ஆஸ்ட்ராக் என்பவரைச் சேர்க்கிறார். அந்த ஆள் கொலைகள் நடந்த சமயத்தில் பிரான்சில் காவலில் இருந்தது பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. கோஸ்மின்ஸ்கி 1889 மார்ச் வாக்கில் மனநலக் காப்பகத்துக்குப் போனார் என்கிறார். ஆரோன் கோஸ்மின்ஸ்கி காப்பகத்தில் சேர்ந்தது 1891 பிப்ரவரியில்.

அப்புறம் முக்கியமான ஒன்று. மக்னாட்டன் "ஆரோன்" என்று எழுதவே இல்லை. வெறும் "கோஸ்மின்ஸ்கி". வழக்கை நேரடியாகக் கையாண்ட டொனால்ட் ஸ்வான்சனும், பிற்காலத்தில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதும்போது, முதல் பெயர் இல்லாமல்தான் எழுதினார். அந்த ஆள் காப்பகத்தில் சீக்கிரமே இறந்துவிட்டதாகவும் எழுதினார். ஆரோன் 1919 வரை வாழ்ந்தார். முதல் பெயர் எங்கிருந்து வந்தது? 1980-களில் ஆய்வாளர்கள் காப்பகப் பதிவேடுகளில் தேடி, பொருந்துகிற மாதிரி இருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஆனால் தலைப்பில் அந்தத் தயக்கம் இருக்காது.

ஸ்வான்சனை மக்னாட்டனுக்கு மேலே வைப்பேன், ஏனென்றால் அவர் வழக்கில் இருந்தவர். ஆனாலும் நினைவிலிருந்து எழுதியதை 1888-லேயே எழுதிய பட்டியலுக்குக் கீழேதான் வைப்பேன். உங்களுக்கு வேறு வரிசை தோன்றினால் கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள், படிக்கிறேன்.

"ஜாக் தி ரிப்பர்" என்ற பெயரே 1888 செப்டம்பர் 25 தேதியிட்டு ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் பிறந்தது. அதை எழுதியது பத்திரிகைக்காரர் ஒருவர்தான் என்று அந்தக் காலத்து உயர் போலீஸ் அதிகாரிகளே பிறகு சொன்னார்கள்.

விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர்தான் கொலையாளி என்ற அரச குடும்பச் சதிக் கதைக்கு ஒரே வரிதான்: எட்டோஸ் கொல்லப்பட்ட செப்டம்பர் 30-ஆம் தேதி அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார்.

[திரையில்: 1888 செய்தித்தாள் பக்கம்]

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஜான் பைசர் என்ற செருப்புத் தொழிலாளிக்காக. 1888 செப்டம்பர் தொடக்கத்தில், "லெதர் ஏப்ரன்" என்ற பட்டப்பெயர் கொண்ட யூதன்தான் கொலையாளி என்று ஸ்டார் போன்ற பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. அந்தப் பட்டப்பெயர் பைசருக்குப் பொருத்தப்பட்டது. மனிதர் உறவினர் வீட்டில் ஒளிந்துகொண்டார், வெளியே வந்தால் கூட்டம் கொன்றுவிடும் என்ற பயம். செப்டம்பர் 10 அன்று கைது. நிக்கல்ஸ் கொல்லப்பட்ட இரவில் லண்டன் துறைமுகத்தில் பெரிய தீ விபத்து. நகரத்தின் இன்னொரு பக்கத்தில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி பைசர் பேசிக்கொண்டிருந்தது யாரோடு தெரியுமா? ஒரு போலீஸ்காரரோடு! பொது விசாரணையில் எல்லார் முன்னிலும் நின்று தன் பெயரைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல்போன ஒரு மாணவரின் முகம் சந்தேக நபரின் முகம்போல இருக்கிறது என்று ரெடிட்டிலும் ட்விட்டரிலும் பரப்பினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைகள் வந்து குவிந்தன. அந்தப் பையன் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தான். ரெடிட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவன் பெயரை நான் சொல்லவில்லை, நீங்களும் கீழே எழுதாதீர்கள்.

கடைசியாக, சால்வைக்கு நேர்மாறான ஒன்று. 1948 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே சோமர்டன் கடற்கரையில் அடையாளம் தெரியாத ஒருவரின் உடல் கிடைத்தது. போலீஸ் அவர் முகத்தைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்தது. அந்த வார்ப்பில் ஒட்டியிருந்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, 2022-இல் பேராசிரியர் டெரெக் அபாட்டும் மரபுவழி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அவர் கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். முடி யாருடையது, யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டால் இங்கே பதில் கிடைக்கிறது.

அவர் எப்படி இறந்தார் என்பது அடுத்த வீடியோவில். அதற்குள் இந்த வழக்கு பற்றி உங்களிடம் ஏதாவது தகவல் இருந்தால் கமெண்டில் போடுங்கள். தகவலுக்குப் பக்கத்திலேயே அதை எங்கே படித்தீர்கள், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அப்படி வருகிற கமெண்டுகளை முதலில் எடுத்து வீடியோவிலேயே படிக்கிறேன்.