பணம் எந்தப் பக்கம் போகிறது? ஆப்பிளும் ஏஐ-யும்

[திரையில்: 2024 ஜூன் 10, குபெர்டினோ]

வணக்கம். ஆப்பிளின் வருடாந்திர டெவலப்பர் மாநாடு. முன்கூட்டியே படம்பிடித்த காணொளி ஓடுகிறது. ஆப்பிள் ஊழியர் ஒருவர் ஐபோனிடம் கேட்கிறார்: அம்மாவின் விமானம் எத்தனை மணிக்கு இறங்கும்? எந்த விமானம், எந்த ஊரிலிருந்து என்று எதுவும் சொல்லவில்லை. ஐபோனின் பேசும் உதவியாளரான சிரி மெயிலைத் துழாவி விமான எண்ணைக் கண்டுபிடித்து, இப்போது அது எங்கே பறக்கிறது என்று பார்த்து, நேரத்தைச் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவதாகப் பேசிக்கொண்டோம் என்று கேட்டால், அம்மாவோடு பேசிய பழைய மெசேஜிலிருந்து அதையும் எடுத்துத் தருகிறது.

அருமையான காட்சி. செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது விளம்பரங்களும் இதையே பாடின. இந்த ஏஐ வசதிகளுக்கெல்லாம் சேர்த்து ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயரும் வைத்தாயிற்று. போன் விற்றது, அந்தப் புதிய சிரி வரவில்லை. 2025 மார்ச் 7-ஆம் தேதி, நினைத்ததைவிட நாளாகும் என்று ஆப்பிள் அறிவித்தது. சிரி நடித்த விளம்பரம் ஒன்றை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார்கள். இல்லாத வசதியைக் காட்டி விற்றார்கள் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது.

அப்படியானால் ஆப்பிள் ஏஐ-யில் பின்தங்கிவிட்டதா? பாதியில் நிறுத்துபவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். அதில் பெரிய சந்தேகம் இல்லை. அதனால் அந்த நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்பதுதான் சிக்கலான கேள்வி. வீடியோவின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

[திரையில்: ஐபோன் 4எஸ், 2011]

முதலில் கொஞ்சம் பழைய கதை. பேசும் உதவியாளரை மக்கள் பாக்கெட்டில் கொண்டுவந்து வைத்ததே ஆப்பிள்தான். எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்திலிருந்து பிறந்த சிரியை 2010-இல் வாங்கியது. 2011 அக்டோபர் 4-ஆம் தேதி ஐபோன் 4எஸ்-இல் அறிமுகம் செய்தது. மறுநாள் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார். அமேசானின் அலெக்சா வந்தது 2014-இல். ஆக, மூன்று வருட முன்னிலை இருந்தது.

அந்தச் சிரி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இன்றைய சிக்கல் புரியும். நீங்கள் சொல்வதை அது எழுத்தாக்கும். பிறகு அது எந்த வகை வேலை என்று பார்க்கும்: அலாரமா, வானிலையா, யாருக்காவது போன் போடுவதா? ஒவ்வொரு வகைக்கும் ஆட்கள் உட்கார்ந்து தனித்தனியாக வழி எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எதைக் கேட்டாலும் இணையத்தில் தேடியதைக் காட்டி நழுவிவிடும். சிரியிடம் கோபப்பட்ட எல்லாரும் இந்த இடத்தில்தான் கோபப்பட்டிருப்பார்கள். சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருக்கும் மொழி மாடல்களிடம் இப்படிப் பட்டியல் கிடையாது. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்துப் பதிலைக் கட்டுகின்றன. எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் வரும், சில சமயம் தவறாகவும் வரும்.

ஆப்பிள் இந்த இரண்டையும் ஒட்டவைக்கப் பார்த்தது. அலாரம் மாதிரி வேலைகளுக்குப் பழைய இயந்திரம், மற்றதற்குப் புதியது. ஒட்டவில்லை. மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2025 ஜூனில் கொடுத்த பேட்டிகளில் இதை ஒப்புக்கொண்டார்: முதல் கட்டமைப்பு வேலை செய்தது, ஆனால் வாடிக்கையாளரிடம் கொடுக்கும் தரத்தை எட்டவில்லை, இரண்டாவது கட்டமைப்புக்கு மாற வேண்டியிருந்தது. அம்மாவின் விமானத்தைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் சரியாகச் சொல்ல வேண்டும். எட்டுத் தடவை சரி என்றால், மற்ற இரண்டு தடவை யாரோ ஏர்போர்ட் வாசலில் வீணாக நிற்பார்கள்.

இந்தக் கவலை வெறும் சாக்கு என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஆப்பிளின் ஏஐ, செய்தி அறிவிப்புகளைச் சுருக்கித் தரும்போது, கொலை வழக்கில் கைதாகியிருந்த ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று பிபிசி சொன்னது போலக் காட்டியது. பிபிசி அப்படி எதுவும் சொல்லவில்லை. புகார் போனது. அடுத்த மாதமே செய்திச் சுருக்கத்தை நிறுத்திவைத்தார்கள்.

[திரையில்: ஐபோன் 15, ஐபோன் 15 ப்ரோ]

இந்த ஏஐ அலை வருவதை ஆப்பிள் பார்க்கவே இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு போன். 2023 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஐபோன் 15. ஒன்பது மாதம் கழித்து ஆப்பிள் இன்டெலிஜென்ஸை அறிவித்தபோது, அது அந்தப் போனில் ஓடாது என்றார்கள். ப்ரோ மாடல்களில் மட்டும்தான் ஓடும். ப்ரோவில் 8 ஜிபி ராம், சாதாரண 15-இல் 6 ஜிபி. போனுக்குள்ளேயே ஓடும் ஆப்பிளின் மொழி மாடலில் சுமார் 300 கோடி அளவுருக்கள், அதாவது மாடல் கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள், உண்டு. அதைத் தயாராக வைத்திருக்கவே நிறைய நினைவகம் வேண்டும். ஒரு போனின் உள்ளமைப்பை வருடக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடும் நிறுவனம் இது. தெரிந்திருந்தால் அந்த 2 ஜிபி-யில் கஞ்சத்தனம் காட்டியிருக்குமா?

இத்தனைக்கும் 2017-இலேயே ஐபோன் சிப்புக்குள் ‘நியூரல் என்ஜின்’ என்று தனிப் பகுதி வைத்தவர்கள். 2018-இல் கூகுளில் தேடலையும் ஏஐ-யையும் கவனித்த ஜான் ஜியானாண்ட்ரேயாவையே அழைத்து வந்தவர்கள். சிப் இருந்தது, ஆள் இருந்தார். செலவு செய்ய மனம்தான் வரவில்லை. 2024-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் மூலதனச் செலவாக (கட்டடம், கணினிகள் போன்றவற்றுக்கு) போட்டது சுமார் 5,250 கோடி டாலர். ஆப்பிள் அந்த நிதியாண்டில் போட்டது ஏறக்குறைய 950 கோடி. அதே நிதியாண்டில் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க ஆப்பிள் செலவிட்டது சுமார் 9,500 கோடி டாலர்! ஆக, கையில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மார்ச் 2025-இல் சிரி ஜியானாண்ட்ரேயாவின் கையைவிட்டுப் போனது. தலையில் மாட்டிக்கொள்ளும் விஷன் ப்ரோ கருவியை உருவாக்கிய மைக் ராக்வெல்லிடம் கொடுத்தார்கள். டிசம்பரில் ஜியானாண்ட்ரேயா ஓய்வு பெறப்போகும் அறிவிப்பும் வந்தது. நடுவில் ஆப்பிளின் மாடல்களைக் கட்டிய குழுவின் தலைவர் ருவோமிங் பாங் மெட்டாவுக்குப் போய்விட்டார்.

[திரையில்: கூகுள், ஆப்பிள்: கூட்டறிக்கை, 2026 ஜனவரி]

அப்புறம் 2026 ஜனவரியில் ஒரு கூட்டறிக்கை. ஆப்பிளின் அடுத்த தலைமுறை மாடல்கள் கூகுளின் ஏஐ மாடலான ஜெமினியை அடிப்படையாகக் கொண்டிருக்கும். பல ஆண்டு ஒப்பந்தம். எல்லாம் ஆப்பிள் கருவிகளிலும் ஆப்பிளின் தனி கிளவுடிலும்தான் ஓடும், தனியுரிமை மாறாது என்கிறார்கள். தொகையை அறிக்கை சொல்லவில்லை. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் இருக்கும் என்று ப்ளூம்பெர்க் முந்தைய நவம்பரிலேயே எழுதியிருந்தது.

கல்யாண மண்டபம் சொந்தம், சமையல் வெளியாள் என்கிற மாதிரி. ஆப்பிளுக்கு இது புதிதும் அல்ல. சொந்தமாகத் தேடுபொறி கட்டாமலேயே, தன் உலாவியான சஃபாரியின் தேடலைக் கூகுளுக்குக் கொடுத்துவிட்டு, 2022-இல் மட்டும் அதற்காகக் கூகுளிடமிருந்து 2,000 கோடி டாலர் வாங்கியிருக்கிறது. நம்ம சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையின் நிறுவனம் ஐபோனின் வாசலில் நிற்பதற்கு வாடகை கட்டியது. தேடலில் பின்தங்கியதால் ஆப்பிள் நஷ்டப்படவே இல்லை, கொழுத்த லாபம் பார்த்தது. ஏஐ-யிலும் இப்படித்தான் நடக்கும், யார் ஜெயித்தாலும் ஐபோன் வழியாகத்தானே வர வேண்டும் என்பவர்களின் வாதம் இதுதான். புழக்கத்தில் 250 கோடி ஆப்பிள் கருவிகள் இருக்கும்போது, அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் ஐபோன் விற்பனை வருமானம் சாதனையே படைத்தது. சிரிக்காகக் காத்திருந்து யாரும் போன் வாங்காமல் இருக்கவில்லை.

என் தயக்கம் எங்கே என்றால், பணம் போகும் திசையில். தேடலில் கூகுள் கொடுத்தது, ஆப்பிள் வாங்கியது. ஏஐ-யில் ஆப்பிள் கொடுக்கிறது, கூகுள் வாங்குகிறது. 100 கோடி ஆப்பிளுக்குச் சில்லறைதான். ஆனால் வாசலை வைத்திருப்பவர் எதற்காக உள்ளே வருபவருக்குப் பணம் கொடுக்கிறார்? தன்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருப்பதால். தேடலின்போது ஆப்பிளுக்கு அப்படி ஒரு தேவை இருந்ததில்லை.

அந்த 2,000 கோடிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 மே 7-ஆம் தேதி, கூகுள் மீதான ஏகபோக வழக்கில், ஆப்பிளின் சேவைப் பிரிவுத் தலைவர் எடி கியூ சாட்சி சொன்னார். முந்தைய மாதம் சஃபாரியில் தேடல்கள் குறைந்ததாகவும், அப்படி நடப்பது அதுவே முதல் தடவை என்றும் கூறினார். மக்கள் ஏஐ-யிடம் கேட்கப் போவதுதான் காரணம் என்றார். அன்றே ஆல்ஃபபெட் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. தங்கள் தேடல் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஆப்பிள் கருவிகளிலும்தான் என்று கூகுள் மறுப்பு வெளியிட்டது.

அதே சாட்சியத்தில் கியூ சொன்ன இன்னொன்று தலைப்புச் செய்திகளில் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், பத்து வருடம் கழித்து ஐபோனே தேவைப்படாமல் போகலாம் என்றார். இரண்டு வாரத்தில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ சுமார் 650 கோடி டாலர் மதிப்பில் ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கும் அறிவிப்பு வந்தது. ஏஐ-க்கென்றே புதுக் கருவிகள் செய்வது அதன் வேலை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோனி ஐவ், முதல் ஐபோனை வடிவமைத்தவர்.